காலை மாத்திரைக்கு முன்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மறைந்த நம் டாக்டர் அம்மாவின் கணவர் அவர்களே, செவிலியர்களே, நோயாளிகளே, அவர்களுடைய வீட்டாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளன். மேடைப் பேச்சு எனக்கு வராது. அழுகையும் வரவில்லை. மனம் மரத்துக் கிடக்கிறது. இன்று காலைகூடப் பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன். கதவில் பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நம் மனநலப் பிரிவின் தலைமை மருத்துவர்! ரத்தம் எடுக்காமல் விடமாட்டார் என்று நீங்கள் செல்லமாக 'ஊசியம்மா' எனக் கூப்பிட்டவர்! எந்த மருந்துக்கும் கேட்காத மனச்சிதைவு என்று கைவிடப்பட்டவர்கள் கடைசியில் யாரிடம் வந்தார்கள்? அவரிடம்தானே வந்தார்கள்! அவர் முதலில் என்ன கேட்பார்? "நோய் மருந்துக்குக் கேக்கலையா, இல்ல மருந்தே ரத்தத்துல பத்தலையா? பாத்துட்டுச் சொல்லுங்க."

இரண்டாம் வரிசையில் நம் தையல்காரர் மனைவியோடு இருக்கிறார். அவரும் மனைவியும் சம்மதித்ததால் சொல்கிறேன். காதில் குரல்கள் ஓயாமல் ஏசியதால் மெஷினில் உட்கார முடியாமல் கிடந்தவர். ரத்தத்தில் மருந்து போதிய அளவு இருந்தது. அப்படியானால் மருந்து பலிக்கவில்லை, நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் முடிவுகட்டினோம். அம்மா மட்டும் அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"ரத்தம் குடுத்த அன்னைக்குக் காலைல மாத்திரை போட்டாராம்மா?"

"போடாம விடுவேனா டாக்டர்? நானே வாயில போட்டு, முழுங்கிட்டாரான்னு பாத்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்!"

அம்மா சிரித்துவிட்டார். "உன் அக்கறைதாம்மா எங்களை ஏமாத்திடுச்சு!"

மாத்திரை போட்டதும் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். அதற்கு முன் எடுத்தால்தான் உண்மை அளவு தெரியும். மறுபடி எடுத்தோம். முன்பு பார்த்ததில் பாதிகூட இல்லை! அம்மா மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். குரல்கள் முழுதும் ஓயவில்லை. "பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேக்குது டாக்டர். நான் பாட்டுக்குத் தைக்கிறேன்" என்று தையல்காரர் சொன்ன அன்றே, அம்மா தன் கிழிந்த கைப்பையை அவரிடம் தைக்கக் கொடுத்தார். அந்தப் பை இப்போது அவர் கணவரின் மடியில் இருக்கிறது.

சற்றுமுன் வாசலில் தையல்காரர் என்னைக் கேட்டார்: "இனிமே எனக்கு யாரு சார் ரத்தம் பாப்பாங்க?"

அதற்கான பதிலை இந்தச் சபையில் சொல்கிறேன். நாங்கள் பார்ப்போம்! அம்மா கேட்ட கேள்வியைக் கேட்காமல் இனி எவரையும் கைவிடமாட்டோம்!

நாளை ரத்தம் எடுக்க உங்கள் முறை, தையல்காரர் ஐயா. அவர் மனைவிக்கு ஒரு வார்த்தை: நாளைக் காலை அவருக்கு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.