மூன்றுக்கும் நூற்றைம்பது

ஒரே சோப்புக்கு இரண்டு விலை ஒட்டியிருக்கும் கடையில் நான் சாமான் வாங்குவதில்லை. அது என் சுபாவம், இன்ஸ்பெக்டர் சேர்.

என் பெயர் இந்திரகுமார். யட்டவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. மழைமானி அனுப்பும் அளவை அதில் மூன்று செயலிகள் வாசிக்கும். ஒன்று சுவர்த்திரையில் காட்டும், ஒன்று போன்களுக்குச் செய்தி அனுப்பும், ஒன்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சைரன் ஊதும். மழை நூறு மில்லிமீட்டர் தாண்டினால் சனம் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும்.

ஐப்பசியில் மூன்று தடவை ஊதியது. மண் சரியவில்லை, வேலைதான் நின்றது. தோட்ட மனேஜர் தொரை ஏசினார். நூற்றை நூற்றைம்பதாக்கினேன். யாரும் சொல்லவில்லை, நானேதான்.

சூழல் மாறி என்று ஒன்று உண்டு. எண்ணை அதில் ஒருமுறை எழுதினால் செயலிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். நான் கட்டளைச் சாளரத்தில் மட்டும் எழுதினேன். அங்கிருந்து திறந்த இரண்டும் கேட்டன. ஐகானை அழுத்தித் திறந்த சைரன் பழைய நூற்றிலேயே நின்றது. அடுத்த மழைக்குத் திரையில் பச்சை, வெளியே சைரன். தொரை எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"என்ன இந்திரகுமார், ஒன்னு சிரிக்குது, ஒன்னு அழுவுது. எதை நம்புறது?"

மறுநாள், கம்ப்யூட்டருக்குள் நுழையும்போதே எல்லாச் செயலிக்கும் அந்த எண் போகும்படி எழுதிவைத்தேன். சுத்தமான வேலை.

கார்த்திகையில் ஒரு வியாழன், பகல் இரண்டு மணிக்கு மழை நூற்று நாற்பத்தொன்று. திரை பச்சை. பக்கத்து மேசை கிளார்க் நிஷாந்தி போனை வைத்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்காம். அம்மா சொல்றாங்க. சைரனைக் கையால அடிங்க."

"திரை பச்சையா இருக்கும்மா."

"திரை கெடக்கட்டும். நகருங்க, நான் அடிக்கிறேன்."

சைரன் பட்டன் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. கதிரையைத் தள்ளி அதை மறைத்து உட்கார்ந்தேன். தொரை உள்ளே இருந்தார், சேர். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு மழையில் இறங்கி ஓடினாள். லயத்துக்கு ஓடினால் அரை மணி நேரம்.

இரண்டு நாற்பதுக்கு லயம் மண்ணுக்குள் போனது. பதினான்கு பேர். நிஷாந்தி அம்மாவை வாசல் வரைக்கும் கொண்டுவந்திருந்தாளாம்.

அந்த வெடிப்பை அன்று காலையிலேயே நான் பார்த்தேன். கை நுழையும் அகலம். பட்டனை அழுத்தியிருந்தால் எல்லாரும் ஏறியிருப்பார்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தப் பிள்ளைக்காக மட்டும் மனது கஷ்டப்படுகிறது. நான் சொன்னதைக் கேட்டு மேசையிலேயே இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.