அந்த ஆணிய அடிச்சிடாதீங்கண்ணே

ஐயோ அண்ணே, நில்லுங்க நில்லுங்க! அந்த ஆணிய அடிச்சிடாதீங்க. சுத்திய கொஞ்சம் கீழ எறக்குங்க. சண்டைக்கு வர்லண்ணே, சத்தியமா. உங்க கையில கீதே அந்த போட்டோ, அது எங்க வூட்டுக்காரரு. ஆமா, கோல்கீப்பருதான். நானு அவரு சம்சாரம், பேரு ஜமுனா. பழவேற்காட்லருந்து ரெண்டு பஸ்ஸு மாறி ஓடியாந்தேன்.

இன்னா, சாயங்காலம் விழாவுக்கு இப்பவே வந்துட்டியான்றீங்களா? விழாவுக்கு வர்லண்ணே. இந்தப் படத்த மாட்ட வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். பி.டி. சாருக்கு வழியெல்லாம் ஃபோன் போட்டுனே வந்தேன், எடுக்கல. ஆபீஸ்ல கேட்டா, ஹால்ல மாட்டினு இருப்பாங்க, ஓடு ஓடுன்னாங்க. நல்லவேள, நீங்க இன்னும் அடிக்கல.

கௌரவந்தாண்ணே, தெரியாம இல்ல. காலேஜுக்குப் பேரு வாங்கிக் குடுத்தவங்க படத்த செவுத்துல மாட்டுறீங்க. பி.டி. சார் ஃபோன்ல சொன்னப்ப எங்க வூட்டுக்காரரு சின்னப்புள்ள மாதிரி குதிச்சாரு. இந்த வரிசையில கீறவங்க எல்லாரும் உசுரோட கீறாங்கன்றீங்க. அந்த மீசக்காரரு போலீஸா? இந்தம்மா ரயில்வேயா? நல்லா இருக்கட்டும்ணே, நூறு வயசு இருக்கட்டும். அவங்கல்லாம் தரையில வேல செய்றவங்க. கடலுக்குப் போறவன் படத்த மாட்டி மால போட்டா, எங்க ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தந்தான். எங்க வூட்டுச் செவுத்துல ரெண்டு படம் கீது. ஒண்ணு மாமனாரு, இன்னொண்ணு மச்சாண்டாரு, இவரோட அண்ணன். ரெண்டு பேருமே தண்ணியில போனவங்க. அந்தப் பயத்துல இவரு படத்த நான் ஆணி பக்கமே கொண்டு போனதில்ல. கல்யாண போட்டோகூட பீரோக்குள்ள, பொடவைக்கு அடியிலதான் கெடக்குது.

அதுலயும் பேருக்குக் கீழ ரெண்டு வருஷத்தப் போட்டு நடுவுல கோடு வேற இழுத்திருக்கீங்களே, அது இன்னாத்துக்கு? காலேஜுக்கு ஆடுன வருஷமா? அட தெய்வமே! உள்ள வந்து அதப் பாத்ததுந்தான் அப்படிக் கத்திட்டேன். எங்க ஊரு முக்குல பேனர் வெப்பாங்கண்ணே, தோற்றம் இது, மறைவு இதுன்னு. அச்சு அசல் அதே மாதிரி கீது. கூடையில மால வேற ரெடியா வெச்சினு கீறீங்க.

அவரு ஆடி நீங்க பாத்ததில்லியா? நானும் பாத்ததில்லண்ணே. ஆனா அவரு சொல்லிச் சொல்லி, நானே கிரவுண்ட்ல நின்னு பாத்தாப்பல ஆயிடுச்சு. மொத நாளு ஷூ இல்லாம வந்தாராம். ஷூ இல்லாதவன் எங்க ஓடுவ, போய் கோல்ல நில்லுன்னாங்களாம். நின்னவரு நின்னவருதான். மூணு வருஷம் வேற ஒருத்தன் அந்தக் கம்பிக்கு நடுவுல நிக்கல.

அந்த ஃபைனல் கத தெரியுமா? சொல்றேன் இருங்க, ஏணி மேலயே நில்லுங்க, பரவால்ல. நல்ல மழ. கிரவுண்டு பூரா சேறு. ஆட்டம் முடியப் போற நேரத்துல எதிர் டீம்காரன் ஒருத்தன் அடிச்ச பந்து இவரு கையில பட்டு வழுக்கி, பின்னால உருண்டுனு போவுது. இவரு அப்படியே திரும்பி அது மேல வுழுந்தாரு. அவ்ளோதான், அவனுங்க கோலுன்னு அடிச்சவனத் தோள்ல தூக்கிக்கினு ஆடுறானுங்க, மோளம் அடிக்கிறானுங்க. நம்ம காலேஜ் பசங்களே தல தொங்கிப் போய் வெளிய கெளம்பிட்டாங்களாம். இவரு மட்டும் மூஞ்சி பூரா சேத்தோட, பந்த நெஞ்சோட அணச்சினு எழுந்திரிக்காமக் கெடந்தாரு. ரெஃப்ரி வந்து குனிஞ்சு பாத்தா, பந்து கோட்டு மேல கீது. முழுசாத் தாண்டுனாத்தான் கோலாம்ணே. கொஞ்சூண்டு கோட்டு மேல ஒட்டினு இருந்தாலும் கோல் இல்லியாம். அதுக்கப்புறம் பெனால்டில இவருதான் ஜெயிக்க வெச்சாரு. பி.டி. சார் அழுதுட்டாராம்.

அப்புறம் இன்னா, வேலைக்கு அலஞ்சாரு, கெடைக்கல. மாமனாரு வுட்டுட்டுப் போன மீன்புடி போட்டுலயே ஏறிட்டாரு.

அவரையே வந்து சொல்லச் சொல்றதா? அதாண்ணே... அவரு இந்த விழாவுக்குன்னு புதுச் சட்ட எடுத்தாரு. அயன் பண்ணி கொடியில மாட்டி வெச்சிட்டு, சீக்கிரம் வந்துடுறேன், பஸ்ஸுல சீட்டு புடிச்சு குந்திக்கினு ஜாலியாப் போலாம்னு சொல்லிட்டுப் போனாரு. செவ்வாக்கெழம விடியக்கால. முகத்துவாரம் மணலு தட்டிக் கெடக்குதில்ல, அங்க அலையடிச்சு போட்டு கவுந்துடுச்சுண்ணே. கூடப் போன திருவேங்கடம் மாமா நீஞ்சிக் கரையேறிட்டாரு. இவரு இன்னும் வர்ல. ஊரு போட்டு எல்லாம் தேடினுதான் கீது.

எறங்காதீங்கண்ணே, நான் அழல. எனக்கு பயமா கீது, அவ்ளோதான். ஊர்ல பெரியவங்க, ஒரு படம் குடும்மா, வெளக்கேத்திடலாம்னு வந்து நிக்கிறாங்க. பீரோ சாவிய இடுப்புல சொருவினு வந்துட்டேன். திருவேங்கடம் மாமா கண்ணால பாத்தாராம்ணே. காலி டீசல் கேன நெஞ்சோட அணச்சுப் புடிச்சினு மெதந்தாராம். புடிச்சத வுடுற ஆளா அவரு? எல்லாம் முடிஞ்சுதுன்னு ஊரே சொல்லுது. அன்னிக்கு ஃபைனல்லயும் அப்படித்தானே சொன்னாங்க.

அந்தப் படத்த இப்படிக் குடுங்கண்ணே. மால இங்கயே இருக்கட்டும். வாடுனா வேற வாங்கிக்கலாம். அவரு வந்ததும் கழுத்துல போடுங்க.