வெர்லீனின் முப்பத்திரண்டு

கௌபாய் வேடம் போடுகிறவர்களில் கெட்டவர்கள் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், டெபுடி ஷெரீப். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் திடலுக்கு வந்து பாருங்கள். ஓய்வுபெற்ற பிளம்பர், தபால்காரர், பல் டாக்டர் எல்லோரும் ஏசி காரிலிருந்து நூற்றுமுப்பது வருஷத்துக்கு முந்தைய உடையோடு இறங்குவார்கள். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். முட்டிவலிக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரிப்பார்கள். பிறகு வரிசையாக நின்று இரும்புத் தட்டுகளைச் சுடுவார்கள். எங்கள் கொடூரமெல்லாம் அவ்வளவுதான்.

என் மனைவி வெர்லீனின் இடது கட்டைவிரல் போனதைப் பற்றி நீங்கள் போன மாதமே அறிக்கை எழுதி முடித்துவிட்டீர்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது. விஷயம்தான் தப்பு. அதைத் திருத்திக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அவசரமில்லையே? நன்றி, காபி வேண்டாம். வாசனையிலேயே தெரிகிறது.

நான் ஓரின் ஹாஸ்கெட். நாற்பத்தொரு வருஷம் இதே ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தேன். உங்கள் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தது நான்தான். திடலில் யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிட மாட்டோம், ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. நான் ஜட்ஜ் ஆர்சனிக். வெர்லீன், ஊசிமுனை ரூபி. கிளப்பில் பாதிப் பேரின் கோட்டும் பாவாடையும் அவள் தைத்தவை.

அவளுக்கு மணிக்கட்டில் மூட்டுவாதம். நாங்கள் ஆண்கள் சுடுகிற நாற்பத்தைந்து ரிவால்வர் உதைக்கிற உதையை அவள் கை தாங்காது. ஆகவே அதைவிடச் சின்னக் குண்டு போடுகிற முப்பத்திரண்டு ரிவால்வர் வாங்கிக் கொடுத்தேன். நாற்பத்தைந்தைச் சுட்டால் பக்கத்து மாவட்டத்தில் நாய் குரைக்கும். முப்பத்திரண்டைச் சுட்டால், கடைசி வரிசையில் யாரோ நாகரிகமாக இருமினார்கள் என்று தோன்றும். ஆனாலும் வாங்கிக் கொடுத்தேன். நான் அப்படிப்பட்ட கணவன்.

தோட்டாவைக் கடையில் வாங்குவது எங்கள் கூட்டத்தில் கேவலம். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் பொறி கிளப்புகிற புதுப் பொட்டு வைத்து, வெடிமருந்தை அளந்து போட்டு, ஈயக் குண்டை மேலே அழுத்தி மூட வேண்டும். எங்கள் கிளப்பில் மனைவியின் தோட்டாக்களைக் கணவன்தான் அடைத்துக் கொடுப்பான். வாயைத் திறந்து அன்பாக நாலு வார்த்தை சொல்லத் தெரியாதவர்களுக்கு இது பெரிய வசதி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நான் காரேஜுக்குப் போய்விடுவேன். ஆறு வருஷம் அவளுக்காக அடைத்தேன். ஒரு தோட்டாகூடச் சோடை போனதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்திரண்டுக்குக் குண்டு தேர்ந்தெடுப்பதில் இரண்டு கட்சி. எடையைக் கிரெயினில் சொல்வோம். ஒரு ஆஸ்பிரின் மாத்திரையில் ஐந்து கிரெயின் மருந்து இருக்கும், அந்தக் கிரெயின்தான். எழுபத்தெட்டு கிரெயின் குண்டு போட்டால் உதை குறையும், கை ஆடாது, வேகமாகச் சுடலாம். நூற்றுப்பதினைந்து போட்டால் மெதுவாகப் போகும், ஆனால் பட்ட இடத்தில் தள்ளும். நான் எழுபத்தெட்டு கட்சி. படித்தவன், அளவு தெரிந்தவன், வாதக்காரியின் கைக்கு எது நல்லது என்று அறிந்தவன்.

அவளோ வரவர முணுமுணுக்க ஆரம்பித்தாள். சில சுற்றுகளில் தட்டு ஒலித்தால் போதாது, சாய்ந்து விழ வேண்டும்.

"தட்டு விழ மாட்டேங்குது, ஓரின். குண்டு பட்டும் அப்படியே நின்னு என்னைப் பாக்குது."

"நடுவுல அடிச்சா விழும்."

"நடுவுலதான் அடிக்கிறேன்."

"அப்ப இன்னும் நடுவுல அடி."

"அந்த இன்னும் நடு எங்க கிடைக்கும்? உன் கடையில வித்தியா?"

இப்படிப் பேசுவாள். நாற்பத்துநாலு வருஷமாகப் பேசுகிறாள். எனக்குக் கோபம் வந்ததேயில்லை.

போன பிப்ரவரியில் முடிவெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காரேஜில், தோட்டா அடைக்கிற என் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு பிரஸ் நின்றது. புதுசு. அதன் முன்னால் வெர்லீன் தையல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் அளவுப் புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஒவ்வொரு மருந்தளவையும் இரண்டு தடவை நிறுத்தாள். சட்டைக்கு அளவெடுப்பவள் அல்லவா. கடைசியில் நூற்றுப்பதினைந்து கிரெயின் குண்டைத் தேர்ந்தெடுத்தாள். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மே மாதப் போட்டியில் அவளுக்கு எல்லாத் தட்டும் விழுந்தது. பெண்களில் முதலிடம் வந்திருந்தால் நானே கை தட்டியிருப்பேன். மொத்தத்தில் முதலிடம் வந்தாள். நான் பதினேழாவது. சாயங்காலம் இறைச்சியும் பீன்ஸும் பரிமாறும்போது அவளை எழுந்து நின்று பேசச் சொன்னார்கள்.

"ஆறு வருஷமா ஜட்ஜ்தான் எனக்கு டோஸ் எழுதிக் குடுத்தாரு. நோய் குணமாகல. டாக்டரை மாத்தினேன், ஒரே மாசத்துல எழுந்து நடக்கிறேன்" என்றாள்.

எழுபது பேர் சிரித்தார்கள். கிளப் தலைவர் லைல் ப்ரூயட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்து, "ஜட்ஜ், கடைய மூடுங்க. இருந்த ஒரே பேஷன்டும் தப்பிச்சிட்டாங்க" என்றார். நானும் சிரித்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நெஞ்சுக்குள் வெந்தது. அவள் உட்கார்ந்ததும் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அதுதான் ரொம்ப வெந்தது.

அதற்குப் பிறகு பெண்கள் அவளிடம் அளவு கேட்க ஆரம்பித்தார்கள். ஜூலையில் ஆண்கள் இரண்டு பேர் கேட்டார்கள். என் காரேஜுக்குள் வந்து, என் பிரஸ்ஸைத் தாண்டிப் போய், அவளிடம் கேட்டார்கள். நான் அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கலந்து கொடுத்தேன். அப்போதும் கோபம் வரவில்லை. அவளுக்கு ஒரு பாடம் வேண்டும் என்று மட்டும் பட்டது. தோட்டா அடைப்பது தையல் வேலை இல்லை, இதில் அகலக்கால் வைக்கக்கூடாது என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் அல்லவா?

செப்டம்பரில் வருடாந்தரப் போட்டி. அன்று எங்கள் குழுவுக்கு டைமர் பிடித்தவன் நான். பதினோரு வருஷமாக நான்தான். டைமர்காரர் சுடுபவரின் தோளுக்குப் பக்கத்தில் நிற்பார். பீப் கொடுப்பார், நேரம் குறிப்பார். அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. சில தோட்டாக்கள் சரியாக வெடிக்காது. 'டப்' என்று ஒரு சத்தத்தோடு குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் துப்பாக்கி கையில் வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்ட நொடியில் டைமர்காரர் "நிறுத்து" என்று கத்த வேண்டும். சுடுபவரின் காதில் அடைப்பான் இருக்கும், கவனம் முழுக்கத் தட்டில் இருக்கும். அவருடைய கை தப்புவது டைமர்காரரின் காதில்தான் இருக்கிறது. முப்பத்திரண்டு விஷயத்தில் இது இன்னும் கஷ்டம். நல்ல தோட்டாவே இருமல்தான், கெட்டது அதைவிடச் சின்ன இருமல். அந்த வித்தியாசத்தைப் பிடிக்கிற ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். பதினோரு வருஷத்தில் ஒன்பது தடவை நிறுத்தியிருக்கிறேன். ஒன்பதும் சரி.

ஒவ்வொரு சுற்றிலும் சுடுவதற்கு முன் ஒரு வசனம் பேச வேண்டும், அப்போதுதான் பீப். நாலாவது சுற்றின் வசனம், "என் குதிரை மேல கைய வச்சது எவன்?" வெர்லீன் இடுப்பில் கை வைத்து நீட்டி முழக்கிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பீப் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, இடது கட்டைவிரலால் துப்பாக்கியின் முதுகிலிருக்கும் சுத்தியைப் பின்னுக்கு இழுத்து இழுத்துச் சுடுவது அவள் பாணி. முதல் தட்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது 'டப்'.

தட்டு அப்படியே நின்றது. அவள் விரல் சுத்தி மேல் தயங்கியது. தலையை என் பக்கம் லேசாகத் திருப்பினாள். பட்டதா படவில்லையா என்று கணக்கெடுக்க மூன்று பேர் நிற்பார்கள், லைல் அதில் ஒருவர். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். ஜட்ஜ் ஆர்சனிக் கத்தவில்லை என்றால் கத்த வேண்டியதில்லை என்பது எல்லோருக்கும் பழக்கம். நான் கத்தவில்லை. அவள் நாலாவதைச் சுட்டாள்.

முப்பத்திரண்டில் ஓட்டை சின்னது, குழலின் சுவர் தடிமன். நடுக்குழலில் குண்டு சிக்கியிருந்தால் பெரும்பாலும் குழல் வீங்கும், துப்பாக்கி வீணாகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. இதுதான் என் கணக்கு. ஆனால் குண்டு நடுக்குழல்வரை போகாமல், தோட்டா உருளையை ஒட்டிய தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. உருளை பிளந்து மேல்பக்கமாகக் கிளம்பியது. இது கணக்கில் வராத விஷயம், என்னைக் குறை சொல்ல முடியாது.

கணக்கு என்றதும்தான் நினைவு வருகிறது, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த மூன்றாவது தோட்டா நான் அடைத்தது. போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம், வெர்லீன் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தபோது, அவளுடைய குண்டு, அவளுடைய கூடு, அவளுடைய பொட்டு எல்லாம் எடுத்து ஒன்றே ஒன்று செய்தேன். வெடிமருந்து மட்டும் போடவில்லை. பொட்டின் பொறி குண்டைக் குழலுக்குள் தள்ளும், வெளியே தள்ளாது. அவள் பெட்டியிலிருந்த ஐம்பதில் ஒன்றை எடுத்துவிட்டு அதை வைத்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. எந்தச் சுற்றில் வரும் என்று எனக்கும் தெரியாது. அதனால் காலையிலிருந்து அவள் சுடும்போதெல்லாம் வழக்கத்தைவிட அரையடி பின்னால் தள்ளி நின்றேன். ஜாக்கிரதை என்பது என் தொழில் புத்தி.

கட்டைவிரல் அடியோடு போயிற்று. மணலில் தேடினோம், லைல்தான் கண்டுபிடித்தார், ஒட்டவைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெர்லீன் அதிகம் கத்தவில்லை. ஆம்புலன்ஸில் என்னைப் பார்த்து, "நீ சொன்னது சரி, ஓரின். நான் அடைச்சது சரியில்ல போலிருக்கு" என்றாள். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே அழுதேன். பாடம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களை ஏன் தொந்தரவு செய்யப்போகிறேன்? இப்போது அவளால் துணியை இழுத்துப் பிடிக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான்தான் கோத்துக் கொடுக்கிறேன். பத்து தையல் போட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். புதுப் பிரஸ்ஸை விற்றுவிட்டோம். நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆனால் லைல் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"ஜட்ஜ், யாரும் உங்களைத் தப்பா சொல்லல. வயசானா யாருக்கும் வர்றதுதான். எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்கல. நாங்க கத்தியிருக்கணும். இனிமே டைமரை நான் பாத்துக்கறேன்."

ரிப்பன் கட்டிய ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தார். எழுபது பேரும் சேர்ந்து கொடுத்த பரிசாம். உள்ளே காது மெஷின், ஒரு ஜோடி.

அன்றிலிருந்து கிளப்பில் எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். வெர்லீனும்தான். எதிரே வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து, "ஓரின், சூப் வேணுமா" என்று எழுத்துக் கூட்டிக் கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "பாவம், அவருக்குக் காது போனது எனக்கே தெரியாம இருந்திருக்கேன்" என்று சொல்லி அழுகிறாள். அடுத்த அறையிலிருந்து எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. மனைவியின் கையைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு என்னால் இருக்க முடியும், மனுஷன் என்றால் நாலு தப்பு இருக்கும். செவிட்டுக் கிழவன் என்கிற பெயர் வேண்டாம்.

உங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் 'டைமர்காரரின் செவித்திறன் குறைவால்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். மூன்றாவது தோட்டாவுக்குப் பிறகு அவள் தலையைத் திருப்பியது சும்மா இல்லை, டெபுடி. உதடு அசையாமல், எனக்கு மட்டுமாக, "ஓரின், இது சரியா வெடிச்சுதா?" என்று கேட்டாள். என் காதிலும் அடைப்பான்தான், எழுபது பேர் சலசலப்பு வேறு. அந்த 'டப்' என் காதில் விழாமலே பதில் சொன்னேன் என்று அவள் இன்றைக்கும் நினைக்கிறாள், ஆனால் அதுவும் விழுந்தது, அவள் கேள்வியும் ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சரியாத்தான் வெடிச்சுது, கண்ணு. சுடு" என்று சொன்னேன்.