டப்பாவுல எவ்ளோ மிச்சம்?

இல்லம்மா, நீ எழுந்திரிக்காத, உக்காரு. கதவை நானே சாத்திக்கிறேன். டீயெல்லாம் ஒண்ணும் வேணாம், இப்பதான் ஒரு வீட்ல குடிச்சேன். சும்மா இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே உன்னையும் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு. உங்க லிஃப்ட்டுக்கு என்ன கேடு, இன்னும் ரிப்பேரா? மூணு மாடி ஏறி முழங்கால் கழண்டு போச்சு.

அது சரி, வீட்டுக்குள்ள எதுக்குத் தலையில துண்டு? குளிச்சியா? குளிக்கலையா, அப்போ அவுரு. எங்கிட்ட என்னடி வெக்கம், வாரத்துக்கு ரெண்டு நாள் என் வீட்டு ஹால்ல எடை மிஷின் மேல ஏறி நின்னவதானே நீ. அவுருன்னா.

ம்ம். சரி. சரி சரி, கட்டிக்கோ.

நான் எங்க முகத்தைச் சுளிச்சேன்? வகிடு கொஞ்சம் அகலமாயிருக்கு, நெத்தி ஏறியிருக்கு, அவ்ளோதான். அழாத. அந்தச் சீப்பை இப்படிக் குடு. இந்த முடி நுனியில வெள்ளையா ஒரு புள்ளி தெரியுதா, கடுகைவிடச் சின்னதா? வேரோட போச்சேன்னு பயந்துக்காத. முடி மொளைக்கிற குழி உள்ள பத்திரமா இருக்கு. திரும்ப வரும். மெடிக்கல் ஷாப்ல பதினாலு வருஷமா நிக்கிறேன், இந்த மாதிரி சீப்பை எத்தனை பொண்ணுங்க கவர்ல போட்டுக் கொண்டாந்து காட்டியிருக்காங்க தெரியுமா?

உடம்பு கெட்டிக்காரிம்மா. சாப்பாட்டை திடீர்னு பாதியா நிறுத்துனா, இருக்கறது கொஞ்சம், இதயத்துக்கு வேணும், மூளைக்கு வேணும், முடி என்ன முக்கியம்னு அதை ஓரங்கட்டிரும். ஆனா அன்னிக்கே விழாது. ரெண்டு மூணு மாசம் தலையிலயே நின்னுட்டு அப்புறம்தான் கொத்துக் கொத்தா வரும். அதனாலதான் எதனால கொட்டுதுன்னே யாருக்கும் புரியறதில்ல. ஷாம்பூவை மாத்துவாங்க, தண்ணியைத் திட்டுவாங்க. நீ எப்போ ஆரம்பிச்சே? நாலு மாசம். பாத்தியா, சரியா இருக்கு.

இனிமே நான் சொல்றதைக் கேளு. காலையில ரெண்டு முட்டை, முழுசா, மஞ்சக் கருவோட. மதியம் பருப்போ மீனோ, உன் உள்ளங்கை அளவாவது இருக்கணும். சோறும் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது. கீரை சாப்டா மேல எலுமிச்சை பிழிஞ்சுக்கோ, அப்பதான் அதுல இருக்கற இரும்புச் சத்து ஒட்டும். சாப்ட கையோட டீ குடிக்காத. ரத்தத்துல இரும்பு எவ்ளோ இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துரு. ஈரத் தலையை வாராத, இறுக்கிக் கொண்டை போடாத. அந்த எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக் குப்பையில போடு. ஆமா, எங்க கடையில வாங்குனதுதான், நான்தான் எடுத்துக் குடுத்தேன், இப்போ நான்தான் சொல்றேன், போடு. இளைக்கணும்னா வாரத்துக்கு அரைக் கிலோ கொறஞ்சா போதும். ஆறு மாசத்துல காதோரமா குட்டிக் குட்டியா நிக்கும் பாரு, குருவிக் குஞ்சு மாதிரி.

என்ன அப்படிப் பாக்குற?

ஆமா. போன மாசம் நான்தான் சொன்னேன். முடி கொட்டுனா கெட்டதெல்லாம் வெளிய போகுது, நான் குடுக்கற பவுடர் வேலை செய்யுதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். ஒரு வேளை சாப்பாடு போதும், மத்த ரெண்டு வேளைக்கும் பவுடரைக் கரைச்சுக் குடிங்கன்னேன். முட்டை தொட்டவங்க என் மிஷின் மேல ஏறக்கூடாதுன்னு சொன்னதும் நான்தான். இப்போ மாத்திச் சொல்றேன். மனுஷங்க மாத்திச் சொல்லக்கூடாதா? உன்னை யாரு இதுக்கெல்லாம் வரச் சொன்னா? உங்க ஷோரூம் மேனேஜர் ஒருத்தன், யூனிஃபார்ம் கோட்டுக்குப் பட்டன் போட முடியலையேன்னு சிரிச்சான்னு நீதானே அழுதுட்டு வந்தே. அவன் வயித்தை அவன் ஒரு நாள் குனிஞ்சு பாத்திருப்பானா? அவனை விட்டுட்டு எம்மேல கோவப்படுற. சரி விடு.

பவுடர் டப்பா எங்க வச்சிருக்க? சும்மாதான், பாக்கணும். அது பழைய சரக்கு, மாத்தித் தரேன். ஏய், ஏய், அவ்ளோ வேகமா எழுந்திரிக்காத! எந்தப் பக்கம்னு சொல்லு, நானே எடுக்கிறேன். போயிட்டியா. பிடிவாதம்.

உக்காரு. ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு? சமையக்கட்டு என்ன அடுத்த ஊர்லயா இருக்கு? எட்டு அடி. இந்த ஃபேனுக்குக் கீழ நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு. கையை நீட்டு, விரலை விரி. நடுக்கம் எத்தனை நாளா? தூங்குறியா? படுத்தா காதுக்குள்ள தடதடன்னு கேக்குதா? எப்போ இருந்து? இதை ஏன் எங்கிட்ட சொல்லல? சொன்னியா? நான் என்ன சொன்னேன்? கொழுப்பு கரையுதுன்னு சொன்னேனா.

கையைக் குடு. பேசாத கொஞ்ச நேரம், வாட்ச்ல செகண்ட் முள்ளு பன்னெண்டுக்கு வரட்டும்.

இல்ல, தப்பா எண்ணிட்டேன். இன்னொரு தடவை.

நூத்தி நாப்பத்தி ரெண்டு. உக்காந்த இடத்துல.

ஒண்ணும் இல்லம்மா. படி ஏறுனவ நான், பல்ஸ் ஓடுறது உனக்கு, அதான் சிரிப்பு வந்துச்சு. உன் வீட்டுக்காரர் எப்போ வருவாரு? ஏழு மணியா. அவருக்கு இந்தப் பவுடர் விஷயம் தெரியுமா? தெரியாது. நல்லது. இல்ல, நல்லதுன்னு சொல்ல வரல. ஏதோ வாயில வந்துருச்சு.

குரூப்பா? ஆமா, நேத்து காலையில கலைச்சுட்டேன். ஃபோன் மக்கர் பண்ணுது, நெறைய மெசேஜ் சேந்து போச்சு. நீயும் பழசையெல்லாம் அழிச்சுரு, எதுக்கு அதெல்லாம். எடை மிஷின் மேல கால் தெரியற மாதிரி எடுத்த ஃபோட்டோவையெல்லாம் வச்சு என்ன பண்ணப் போற?

உன் கோட்டா? தையல்காரம்மாகிட்டயா குடுத்தே, பிடிச்சுக் குடுக்கச் சொல்லி? எப்போ? இல்ல, இன்னிக்குப் போகாத. கடை பூட்டியிருக்கு. நாளைக்கும் பூட்டித்தான் இருக்கும். கோட்டு போனா போகுது விடு.

உனக்கு யாரும் சொல்லலையா? நீ ரெண்டு நாளா வேலைக்கே போகலையா. அப்போ எப்படித் தெரியும்.

நல்ல மனுஷி அவங்க. நீங்க பத்துப் பேரும் இளைக்க இளைக்க அவங்களுக்குத்தான் கை நெறைய வேலை. நீங்கள்லாம் கரைஞ்சு போங்கடி, நான் பிடிச்சுத் தைச்சே மாடி வீடு கட்டிர்றேன்னு சிரிப்பாங்க. அப்புறம் எல்லாரும் இளைக்கிறாங்களேன்னு அவங்களுக்கும் ஆசை வந்துருச்சு. நான் வேணாம்னுதான் சொன்னேன். வயசு அம்பத்தி மூணு, உங்களுக்கு எதுக்குன்னேன். ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லல.

முந்தாநேத்து காலையில மிஷின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. கரண்ட் மிஷின், பெடலை மிதிச்சா ஓடும். பக்கத்துக் கடை சாவி ரிப்பேர்காரர் சொன்னாரு, என்னடா இது, கால் மணி நேரமா நிக்காம ஒரே சத்தமா ஓடுது, இவ்ளோ நீளமா என்னத்தைத் தைக்கிறாங்கன்னு எட்டிப் பாத்தாராம். அந்தம்மா மிஷின் மேலயே தலையைச் சாய்ச்சிருக்காங்க. கால் பெடல் மேல. துணியெல்லாம் ஊசிக்குக் கீழ சுருண்டு சுருண்டு ஒரே உருண்டையா கெடந்திருக்கு.

இதயம் நின்னு போச்சுன்னு சொல்லிட்டாங்க. டாக்டர் அவங்க வீட்டுக்காரரைக் கேட்டிருக்காரு, ஏதாச்சும் மருந்து மாத்திரை சாப்ட்டாங்களான்னு. அவரு பாவம், தலைவலி மாத்திரைகூட போடமாட்டான்னு அழுதிருக்காரு. அவருக்குத் தெரியாது. உன்ன மாதிரிதான், டப்பாவை பட்டன் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் எடுத்தேன். துக்கத்துக்குப் போயிருந்தேன்ல. எல்லாரும் ஹால்ல அழுதுக்கிட்டு இருந்தாங்க. தண்ணி குடிக்கிற மாதிரி பின் ரூமுக்குப் போயி பெட்டியைத் தொறந்து டப்பாவை என் பைக்குள்ள போட்டுட்டு வந்துட்டேன். அழுதேன்மா, நானும் அழுதேன். பையை மடியில வச்சுக்கிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து தொறந்து பாக்குறேன், டப்பா பளபளன்னு இருக்கு. ஸ்பூனால சுரண்டிச் சுரண்டி அடியெல்லாம் கீறல். கழுவிக் குடிச்சிருக்காங்க. ஒரு முழத் துண்டைக்கூட வீணாக்காத பொம்பள, பவுடரை விடுவாங்களா? அப்பதான் எனக்குச் சுரீர்னுச்சு. புது டப்பா ஒண்ணை உடைச்சு, பேப்பர் மேல பதமா கவுத்துப் பாத்தேன். மேல எல்லாம் பழுப்பு. அடியில வெள்ளையா ஒரு படிவு. ஒரு விரல் கனத்துக்கு.

கொஞ்சம் இரு. உன் டப்பாவை நான் இன்னும் பாக்கலையே. எவ்ளோ மிச்சம்? சாய்ச்சுக் காட்டு. தட்டாத. சாய்.

அடி தெரியுதே. எப்போ இருந்து அடியைத் தொட்ட? அஞ்சு நாளா. பெரிய ஸ்பூனா சின்ன ஸ்பூனா? குடிக்கிறதுக்கு முன்னாடி டப்பாவைக் குலுக்குனியா? குலுக்கணும்னு நான் சொல்லலையா. நான் எங்க சொன்னேன். எனக்கே தெரியாதே.

தள்ளிப் போகாத, சொல்றேன். ஓட்ஸ் மாவு, பால் பவுடர், கோகோ. எல்லாம் நல்ல சரக்கு, என் சமையக்கட்டுல என் கையால கலந்தது. ரெண்டு மாசத்துக்கு அதை மட்டும்தான் குடுத்தேன், ஒருத்திக்கும் ஒரு கிலோ எறங்கல. மொறைச்சுக்கிட்டு வந்து நின்னீங்க, ஞாபகம் இருக்கா? கடையில தேதி முடிஞ்ச மாத்திரை அட்டையெல்லாம் ஒரு பெட்டியில போட்டு வைப்போம், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப. அதுல தைராய்டு மாத்திரை நெறைய இருந்துச்சு. விஷம் இல்லம்மா. எத்தனை பேரு தெனமும் காலையில போட்டுக்கிறாங்க. வியாதி இருக்கறவங்களுக்கு அது உயிர். இல்லாதவங்களுக்குப் போட்டா உடம்பு நிக்காம ஓடும், அதுல இளைக்கும்னு எனக்குத் தெரியும். எது வரைக்கும் ஓடும்னு தெரியாது. மிக்ஸியில நைசா அரைச்சேன், திப்பி தெரியக்கூடாதுன்னு. நைசா அரைச்சதுதான் தப்பாப் போச்சு. மாவு மேல நின்னுடுச்சு, இது சந்து பொந்துல எறங்கிப் போய் அடியில உக்காந்துக்கிச்சு. முடி கொட்டுறதும் பாதி சாப்பாட்டால, பாதி இதால. அதுவும் நின்னுரும். எல்லாம் நின்னுரும், நீ இதை நிறுத்துனா.

அடிக்கணும்னா அடி. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு இப்போ நேரம் இல்ல. எழுந்திரு, மெதுவா. வீட்டுக்காரருக்கு நான் போனப்புறம் ஃபோன் பண்ணிக்கோ. படியில என் தோளைப் பிடிச்சுக்கோ, ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு போவோம். கீழ டாக்ஸி நிக்குது, வரும்போதே நிக்கச் சொல்லிட்டு வந்தேன்.

அவசரப் பிரிவுக்கு நேராப் போ. தைராய்டு மாத்திரை, ரெண்டு மாசமா, அளவு தெரியாதுன்னு சொல்லு. பல்ஸையும் சொல்லு. மத்தது அவங்களுக்குத் தெரியும், அடக்கறதுக்கு மருந்து இருக்கு. யாரு குடுத்தாங்கன்னு கேப்பாங்க. அது உன் இஷ்டம்மா.

டப்பாவை ஏன் இப்படிக் கெட்டியாப் பிடிச்சிருக்க? குடு இங்க. டாக்டர்கிட்ட காட்டணுமா? குடுன்னு சொல்றேன்ல. சரி. சரி, நீயே வச்சுக்கோ. இது ஒண்ணுதானே.

மத்தவங்களா? மத்தவங்ககிட்டயா கேக்குற? நாலு வீட்டுக்குப் போயிட்டுத்தான் இங்க வரேன். டப்பாவை வாங்கி நல்லாக் கழுவிக் கவுத்து வச்சுட்டு, முட்டை சாப்பிடு, கீரை சாப்பிடு, முடி திரும்ப வந்துரும்னு சொல்லிட்டு வந்தேன். இதைச் சொல்லல. உங்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன், உன் கையைப் பிடிச்சுப் பாக்காம இருந்திருந்தா. அவங்க கையை நான் தொடல.

செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்குள்ள நான் வரலம்மா, கேட்டுல எறக்கி விட்டுர்றேன். எனக்கு இன்னும் அஞ்சு வீடு இருக்கு.