தூசி படிந்த இலை

காத் இலையை விடியற்காலையில் கிள்ள வேண்டும். வெயில் ஏறினால் சுணங்கிவிடும். பிறகு மதியம் அதை மெல்லுகிறவர்களுக்கு உற்சாகம் வராது, கிள்ளியவனுக்கு வசவு வரும்.

ஷேக் நாஜியின் தோட்டத்தில் பத்தொன்பது வருஷம் தண்ணீர் பாய்ச்சினேன். நல்ல மனிதர். புதன்கிழமைத் தண்ணீர் முறை என் சோளத்துக்குரியது. அதையும் தன் காத் மரங்களுக்குத் திருப்பிக்கொண்டார். போய்க் கேட்டேன்.

"ஏம்ப்பா மஹ்யூப், உன் சோளத்தட்டைய மென்னா மாட்டுக்குத்தானப்பா குஷி வரும்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பலமாகச் சிரித்தவன் என் தம்பி முக்பில். நானும் சிரித்தேன். கேள்வி நியாயமானதுதான். சோளம் கருகியது.

தூசி படிந்த இலையில் பூச்சிமருந்து இருக்காது என்பது எங்கள் மலையில் நம்பிக்கை. மருந்துக்குப் பதில்தானே மண்ணைத் தூவுகிறோம். ஷேக் தனக்கென்று ஒதுக்கிய மரத்துக்கு மண் மட்டும்தான். ஒரு நாள் சாயங்காலம் அந்த மரத்துக்கு நான் முதலில் மருந்தை அடித்தேன். காய்ந்ததும் மண்ணைத் தூவினேன். பார்க்க அழகாக இருந்தது.

மறுநாள் மதியம் ஷேக் வீட்டில் பன்னிரண்டு பேர் இலை மெல்ல மெத்தையில் சாய்ந்தார்கள். நானும் தம்பியும் செருப்புகளுக்குப் பக்கத்தில். முதல் ஒரு மணி நேரம் பேச்சிலேயே ஆளுக்கொரு நாட்டை ஆண்டார்கள். அப்புறம் வழக்கமான மௌன நேரம் வந்தது. அப்போது யாரும் பேசுவதில்லை. அவரவர் யோசனையில் அவரவர்.

அந்த நேரம் பார்த்து ஷேக், தன் கொத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து முக்பிலுக்கு வீசினார். ஷேக் கையால் வீசுவது பெரிய மரியாதை. பிறகு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார். அவர் செத்தது சாயங்கால அஸர் தொழுகை வரை யாருக்கும் தெரியவில்லை. உயிரோடிருந்தபோது அந்த முகத்தில் அவ்வளவு சிந்தனையை நான் பார்த்ததில்லை.

ஷேக்கைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. முக்பிலின் சாவை என் தலையில் கட்டாதீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். மௌன நேரத்தில் வாய் திறக்கிறவனை எங்கள் ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். நான் முறை தெரிந்தவன்.

அவன்தான் முறை தெரியாமல் என் காதைக் கடித்தான்: "பாத்தியாண்ணே, எனக்கு வீசுறாரு! உனக்கும் ரெண்டு தளிர் கிள்ளித் தரட்டா?"

"வேணாம்டா. உனக்கு வந்த மரியாதை, நீயே மெல்லு" என்றேன்.