பசை ஊத்தறதுக்கு முன்னாடி

– அத்தான், அந்தப் பசை பாட்டிலை முதல்ல கீழ வைங்க.

– வெக்கறேன், வெக்கறேன். வாசல்ல நின்னுக்கிட்டே என்ன அதிகாரம்? உள்ள வா மாப்ளே.

– மரவேலைக்குப் போடற பசையைக் கொண்டுபோய் யாராவது ரெக்கார்டு மேல ஊத்துவாங்களா?

– ஊத்துவாங்க. கேளு. சீராப் பரப்பி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டுடணும். அப்புறம் ஓரத்துல நகத்தைக் குடுத்து இழுத்தா, பால் மேல இருக்கற ஏடு மாதிரி ஒட்டுமொத்தமா உரிஞ்சு வரும். ரெக்கார்டு கோட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்கற தூசி, எண்ணெய், பூஞ்சை எல்லாம் அதோட மூட்டை முடிச்சைக் கட்டிடும். இதோ, இந்த வயலின் ரெக்கார்டு அப்படிச் சுத்தம் பண்ணினதுதான்.

– குடுங்க, பாக்கறேன்.

– ஓரத்தைப் பிடி, ஓரத்தை! நடுவுல விரலை வெக்காத. மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பாக்கற ஆளு, கைநாட்டு வெக்கறான் பாரு.

– நல்லாத்தான் இருக்கு. ஆனா அது வேற, இது வேற அத்தான்.

– என்னது?

– அது வேற, இது வேறன்னேன்!

– அதை மொதல்லயே வாயைத் திறந்து சொல்லேன். இப்பல்லாம் எல்லாருக்கும் என்ன வந்துச்சுன்னே தெரியலை. காய்க்கடைக்காரன் முணுமுணுக்கறான். பொண்ணு போன்ல முணுமுணுக்கறா. டிவியில செய்தி வாசிக்கறவ கூட என்னமோ ரகசியம் சொல்ற மாதிரி வாசிக்கறா. நீ ஒருத்தன்தான் கொஞ்சமாவது மனுஷன் மாதிரி பேசுவே. நீயும் ஆரம்பிச்சுட்டியா?

– எங்க கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு வயசானவங்க. கத்திக் கத்திப் பழகிடுச்சு. அது கிடக்கட்டும், அக்கா பாடின இந்தத் தட்டை இதுவரைக்கும் என்னென்ன பண்ணினீங்க? உள்ளதைச் சொல்லுங்க.

– நீ என்ன போலீஸா?

– எங்க வீட்டுப் பரண்ல இருந்து எடுத்துத் துடைச்சு உங்க கையில குடுத்தது நான். நான் கேக்காம வேற யார் கேப்பா?

– சரி, கேட்டுக்க. மொதல்ல சோப்புத் தண்ணி. பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டே ரெண்டு சொட்டு, வெதுவெதுன்னு தண்ணி. நடுவுல லேபிள் நனையக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் டப்பா மூடியை வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். மெத்துனு பிரஷ், கோடு போற வாக்குலயே தேய்ச்சேன். குறுக்க தேய்க்கவே இல்ல.

– கடைசியா எந்தத் தண்ணியில அலசினீங்க?

– குழாய்த் தண்ணி.

– அங்கதான் கோட்டை விட்டீங்க. குழாய்த் தண்ணியில உப்பு இருக்கு. காஞ்சதும் வெள்ளையாப் படியும், ஊசி அது மேல போறப்ப பொரியும். பேட்டரிக்கு ஊத்தற தண்ணி வாங்கி அலசியிருக்கணும். கண்ணாடிக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். அலசிட்டு, துணியால தேய்க்கக்கூடாது, ஒத்தி எடுக்கணும்.

– துணி எதுக்கு? காத்துல நிக்க வெச்சா தானா காயுது. துணியில பஞ்சு வரும்.

– நான் சொல்ற துணியில வராது. கண்ணாடி வாங்கினா கூடவே ஒண்ணு குடுப்போமே, அது.

– நீ குடுத்த துணியில என் கண்ணாடியே இன்னும் மங்கலாத்தான் இருக்கு.

– அது துணி தப்பில்ல, நீங்க அதுல கையைத் துடைக்கறீங்க. அப்புறம்?

– அப்புறம் வாக்குவம் கிளீனர். குழாய் வாயில வெல்வெட் துணி ஒட்டி, தட்டைச் சுத்த விட்டு இழுத்தேன். ஈரத்தோட சேத்து அழுக்கை உறிஞ்சிடுச்சு. மத்த ரெக்கார்டுக்கெல்லாம் இதுதான் ராஜா. சோப்பு அழுக்கை ஊற வைக்கும், ஆனா வெளிய அனுப்பாது. இது கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளும்.

– ஸ்பிரிட் போடலையே?

– இந்த வெல்வெட் துணியைத் தொட்டுப் பாரு.

– அத்தான், ஸ்பிரிட் போட்டீங்களா?

– பாட்டு இல்லாத ஓரத்துல ஒரே ஒரு சொட்டு. பஞ்சுல தொட்டு வெச்சேன். கறுப்பு பஞ்சுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பயந்துபோய் நிறுத்திட்டேன்.

– பாத்தீங்களா! அதைத்தான் சொல்ல வந்தேன். இது கடையில விக்கற ரெக்கார்டு இல்ல. கண்காட்சியில ஒரு கூண்டு போட்டு, பாடினவங்க குரலை அங்கயே தட்டுல வெட்டிக் குடுத்தாங்க. உள்ள இருக்கறது வெறும் தகரம், மேல பூசியிருக்கறதுதான் இந்தக் கறுப்பு. பாட்டு இருக்கறது அந்தப் பூச்சுல. நீங்க பசையை ஊத்தி உரிச்சா அழுக்கு மட்டுமா வரும்? பூச்சும் சேர்ந்து வரும். கையில தகரம்தான் மிச்சம். வேற பிரதி கிடையாது அத்தான், உலகத்துலயே இது ஒண்ணுதான்.

– தெரியும்.

– தெரிஞ்சுமா ஊத்தப் போறீங்க?

– இந்தப் பாட்டை இப்படிக் கேக்கறதுக்கு, கேக்காமலே இருந்துடலாம் மாப்ளே.

– என்ன பேச்சு இது?

– உனக்கு என்ன தெரியும்? உங்க அக்கா போய்ச் சேர்ந்ததுல இருந்து இந்த வீடு எப்படிக் கிடக்குதுன்னு உனக்குத் தெரியாது. அவ குரல்னா அது எப்பேர்ப்பட்ட குரல்! பின்கட்டுல துணி காயப் போட்டுக்கிட்டே பேசுவா, முன்னறையில பேப்பர் படிக்கற எனக்கு ஒரு எழுத்து விடாம கேக்கும். கீழ் வீட்டுக்காரங்க ஒரு தடவை சண்டைக்கே வந்துட்டாங்க, 'உங்க வீட்டு அம்மா பேசறது எங்க வீட்டுக் கூடத்துல கேக்குது'ன்னு. அந்தக் குரல் போயி, சுவர்க் கடிகாரம்கூட சத்தம் போடாத வீட்டுல உக்காந்திருக்கேன். அப்ப நீ வந்து, அக்கா பாடின தட்டு ஒண்ணு இருக்குன்னு சொன்னே. அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? காலே தரையில பாவலை.

– தெரியும் அத்தான். உங்க முகத்தைப் பாத்தேனே.

– ஊசியை வெச்சா, யாரோ போர்வைக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பாடற மாதிரி கேக்குது. அவ இல்ல இது. அவ மேல அழுக்கு ஏறி உக்காந்திருக்கு. அதை எடுக்கணும். எடுத்தா வருவா.

– சத்தத்தைக் கூட்டி வெச்சுப் பாத்தீங்களா?

– முழுசாத் திருகியாச்சு. இரைச்சல்தான் பெருசாகுது, அவ பெருசாகலை.

– அதான் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சா!

– என்ன கேட்டுச்சு?

– இப்ப வர்றப்ப, அந்தத் தையல் கடைகிட்ட திரும்பறேன், அக்கா பாடறா. ஒரு நிமிஷம் நடக்க முடியலை அத்தான். தையல்காரர் மிஷினை நிறுத்திட்டு, 'யாரு சார் இவ்வளவு நல்லாப் பாடறது?'ன்னு கேட்டாரு.

– காதுல பூ சுத்தாத. தையல் கடை எங்க இருக்கு, வீடு எங்க இருக்கு? பக்கத்துல உக்காந்திருக்கற எனக்கே பாதி வார்த்தை புரியலை.

– மத்த ரெக்கார்டெல்லாம் எப்படிக் கேக்குது?

– ஜம்முன்னு கேக்குது.

– அதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம் அத்தான். எந்த இடத்துல வயலின் ஏறும், எங்க இறங்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவீங்க. இதை இப்பத்தானே முதல் தடவையாக் கேக்கறீங்க?

– அதைத்தான் என்னால தாங்க முடியலை. வீடு நிறைய ரெக்கார்டு. ஒவ்வொண்ணும் அவதான் உறையில போட்டு அடுக்கி வெச்சா. நானும் ஒண்ணு பாடியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே அவ? நான் என்ன, கேலியா பண்ணியிருப்பேன்? நாள் பூரா அதையே போட்டுக் கேட்டிருப்பேன்.

– கூச்சமா இருந்திருக்கும்.

– என்கிட்ட என்ன கூச்சம்?

– சரி, ஒரு தடவை போடுங்க. நானும் கேக்கறேன். கேட்டுட்டு அப்புறம் பசையைப் பத்திப் பேசுவோம்.

– நீயே வை. மெதுவா, மெதுவா! ஊசியைப் போட்டு உடைச்சுடாத.

– வெச்சுட்டேன். சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கறேன், காது கிழியுது.

– குறைக்கறியா? நல்லாக் குறை! இருக்கறதும் போச்சு.

– உஷ். பாடறா... மூச்சு எடுக்கறது கூட கேக்குது அத்தான். அந்தக் கூண்டுக்குள்ள ஒரு ஆளுக்குத்தான் இடம். நானும் வருவேன்னு அழுது அடம்பிடிச்சதால உள்ள சேத்துக்கிட்டா. பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இப்ப வரும் பாருங்க, நான் அவ காலை மிதிச்சுட்டேன். அவ சிரிப்பை அடக்க முடியாம, சிரிச்சுக்கிட்டே பாட்டுல அடுத்த அடியை எடுப்பா. இதோ! அப்படியே இருக்கு. என் அக்கா சிரிப்பு.

– எங்க சிரிச்சா?

– இப்பத்தான்.

– திரும்பப் போடு.

– ... இதோ, வருது. இப்ப!

– இப்பவா?

– ஆமா.

– இன்னொரு தடவை.

– ... இங்க.

– இல்லையே மாப்ளே. பாட்டு ஒரு இடத்துல நின்னு போகுது, அவ்வளவுதான். சிரிப்பு இல்ல.

– அத்தான்...

– அங்கதான் இருக்கு! சரியா அந்த இடத்துலதான் அழுக்கு அடைச்சுக்கிட்டிருக்கு. என் பொண்டாட்டி சிரிக்கறா, அழுக்கு அதை மூடிக்கிட்டு உக்காந்திருக்கு. அந்தப் பாட்டிலை எடு.

– வேணாம் அத்தான்.

– எடுன்னு சொன்னேன்! உனக்குக் கேட்டுடுச்சு, நீ பேசுவே. எனக்கு அந்தச் சிரிப்பு வேணும். தகரம் வந்தாலும் வரட்டும், ஒரு தடவை உரிச்சுப் பாத்துடறேன்.

– தட்டுல அழுக்கு இல்ல அத்தான்! துளிகூட இல்ல. புதுசு மாதிரி பாடுது.

– அப்ப எனக்கு ஏன் கேக்கலை?

– பாட்டிலைத் திரும்பக் கீழ வைங்க, சொல்றேன்.

– வெக்க மாட்டேன். சொல்லு.

– உங்க காது அத்தான். அச்சகத்துல அந்தப் பெரிய மிஷினுக்குப் பக்கத்துல நின்னு நின்னே ஆயுசைக் கழிச்சீங்க. காது போயிடுச்சு.

– எனக்கா? போடா. எனக்குக் காது கேக்கலைன்னா, இத்தனை வருஷம் உங்க அக்கா பேசினதுல ஒண்ணையாவது 'என்ன?'ன்னு திருப்பிக் கேட்டிருப்பேனா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கேனா? அவ உசிரோட இருந்தா இப்பவே கூப்பிட்டுக் கேப்பேன்.

– மத்தவங்க பேசினா?

– மத்தவங்க பேசினா என்ன? எல்லாம்தான் கேட்டுச்சு. டாக்டர் சொன்னா, சம்பந்தி சொன்னா, அவ ஒரு தரம் திருப்பிச் சொல்லுவா. எதையும் ரெண்டு தடவை சொல்றது அவ பழக்கம்.

– எங்க வீட்டுல இருந்தப்ப அவளுக்கு அந்தப் பழக்கம் இல்ல. ஒரு தடவை பேச வைக்கறதே பெரும்பாடு. அவளுக்கு நாங்க வெச்ச பேரு என்ன தெரியுமா? பூனை.

– பூனையா? எதுக்கு?

– அவ்வளவு மெல்லிசான குரல். தண்ணி வேணும்னு கேட்டாக்கூட அம்மா குனிஞ்சு வாய்கிட்ட காதைக் கொண்டுபோவா. பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிட்டப்ப அவ சொன்ன பதில் கேக்காம, எதிர்ல நிக்கறப்பவே வரலைன்னு போட்டுட்டாங்க. இந்தத் தட்டுல நீங்க கேக்கறதுதான் அவ குரல். அது மேல எதுவும் ஏறி உக்காரலை.

– உளறாத. கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தானே!

– வந்தான்.

– அப்ப என்கிட்ட இத்தனை வருஷம் பேசினது யாரு?

– எங்க அக்காதான். இதைச் சொல்ல மாட்டேன்னு அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். பசை பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறீங்க, வேற வழி தெரியலை எனக்கு.

– சத்தமா சொல்லு. எல்லாத்தையும் சத்தமா சொல்லு.

– கல்யாணமாகி முதல் தடவையா வீட்டுக்கு வந்தவ, சமையலறையில நின்னு பேசினது தெரு வரைக்கும் கேட்டுச்சு. அம்மா பதறிட்டா. 'ஏண்டி இப்படிக் கத்தறே, அங்க ஏதாவது சண்டையா?'ன்னா. அக்கா என்னையும் உள்ள வெச்சுக் கதவைச் சாத்தினா. இந்தத் தட்டை அம்மா கையில குடுத்து, பரண்ல போடு, இது அவர் கண்ணுல படக்கூடாதுன்னா.

– ஏன்?

– அம்மாவும் அதைத்தான் கேட்டா. அதுக்கு அக்கா, தட்டுல இருக்கற அதே குரல்ல, மெதுவா சொன்னா: 'அவருக்குக் காது மந்தமாயிட்டே வருதும்மா, அவருக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சா அந்த மனுஷன் நாலு பேர்கிட்ட பேசவே கூச்சப்படுவாரு. நான் கொஞ்சம் கத்திட்டுப் போறேன், விடு.'