லேப்பிலிருந்து வந்தவள்

நான் ஐ.டி. பிரிவில் சேர்ந்து இன்றோடு எண்பத்திரண்டு நாள் ஆகிறது. அதில் பாதி நாள் பிரிண்டரில் மாட்டிய காகிதத்தை உருவியெடுத்ததிலேயே போயிற்று. மீதி நாள் மறந்துபோன பாஸ்வேர்டுகளை மாற்றிக் கொடுத்தேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, மேடம்.

நீங்கள் நடத்தும் விசாரணை நாளை முடிகிறது என்றார்கள். லேப்பில் இருக்கும் கிரேஸ் அக்காவை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள் என்றும் பேச்சு. போன வாரம் நீங்கள் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் நான் ஞாபகம் இல்லை என்றேன். அதற்காகத்தான் வந்திருக்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

உங்கள் கையில் இருக்கும் தாளில் ஜெயப்ரியா, பி.எஸ்சி., முன் அனுபவம் இல்லை என்று இருக்கும். அது சரியில்லை. ரயில்வே ரோட்டில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் நான்கு வருடம் வேலை செய்தேன். கிரேஸ் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி. பரிசோதனை எனக்கு நன்றாக வரும். ரத்தம் எடுப்பதுதான் வராது. ஊசி போடும்போது ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னாமா, ஊசி எனக்கா உனக்கா? உனக்குத்தான் வேர்த்துக் கொட்டுது" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் முகம் பார்க்காமல் செய்கிற வேலை ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பஸ் ஸ்டாண்டு அருகே மாலை வகுப்பில் எட்டு மாதம் கம்ப்யூட்டர் சப்போர்ட் படித்தேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று பல கம்பெனிகளுக்குப் போனேன். ஒரு இடத்தில், "நாலு வருஷம் ரத்தம் எடுத்திருக்கீங்க. கம்ப்யூட்டர்ல எங்கமா நரம்பு தேடுவீங்க?" என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் கிரேஸ் அக்கா இந்த ஆஸ்பத்திரி லேப்புக்கு வந்துவிட்டார். இங்கே ஐ.டி.யில் ஓர் இடம் காலியானதும் அவர்தான் போன் செய்தார்.

"நான் மேனேஜராண்ட சொல்லிட்டேன்மா. பொண்ணு வாயே தெறக்காது, வேல சுத்தமா இருக்கும்னேன். லேப்ல இருந்தத மட்டும் எழுதாத. இவனுங்களும் சிரிப்பானுங்க."

நான் எழுதவில்லை.

தொண்ணூறு நாள் பயிற்சி. அதன் பிறகுதான் நிரந்தரம். முதல் நாள் எங்கள் பிரிவின் தலைவர் குமரகுரு சார் சொன்னார்: "அவங்க ஸ்கிரீன் உன் கண்ணு முன்னாடி தொறந்து கெடக்கும். ரிப்பேர மட்டும் பாரு. மத்ததுக்கு நீ குருடு." எனக்கு அது நல்ல விதியாகப் பட்டது. யாருடைய ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று இனி நான் கவலைப்பட வேண்டியதில்லை.

எழுபதாவது நாள் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர் போன் செய்தார். ரத்த முடிவு ஆபத்தான அளவில் இருந்தால் லேப் கம்ப்யூட்டரிலிருந்து அவர் போனுக்குத் தானாக மெசேஜ் போகும். அன்று ஒரே மெசேஜ் பத்து முறை வந்துகொண்டிருந்தது. எனக்குக் காரணம் பிடிபடவில்லை. குமரகுரு சாரிடம் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார். ஆகவே அந்த மெசேஜ் சேவையையே நிறுத்திவிட்டேன். மறுநாள் காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்றுதான். "சூப்பர்மா, இப்பதான் நிம்மதி" என்றார் டாக்டர். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

மறுநாள் கோயிலில் கருட சேவைத் திருவிழா. சின்ன காஞ்சிபுரம் பக்கம் வண்டி எதுவும் போக முடியவில்லை. குமரகுரு சார் வந்து சேரவில்லை. நான் தனியாக இருந்தேன். வெயிலில் மயங்கியவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் பூவராகவன். கூரத்துக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், சிறுநீரக நோயாளி. திருவிழாச் சவாரியை விட மனமில்லாமல் அந்த வாரம் டயாலிசிஸுக்குப் போகவில்லை. தாகத்துக்கு இளநீர் குடித்திருக்கிறார், இரண்டோ மூன்றோ. அந்த நோய்க்கு இளநீர் ஆகாது.

மதியம் கிரேஸ் அக்கா போன் செய்தார். "ஜெயா, லேபிள் வரமாட்டேங்குது. இங்க ட்யூப் மலையாட்டம் குமிஞ்சிக்கினு இருக்குது. நீயே உள்ள வந்து பாரும்மா." என் இடத்திலிருந்தபடியே அவருடைய திரையைத் திறந்தேன். நின்றுபோயிருந்ததை மறுபடி இயக்கினேன். லேபிள்கள் வந்தன.

ஒரு மணி நேரம் கழித்து அவசர சிகிச்சைப் பிரிவில் பில் பிரிண்டர் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். பெஞ்சில் ஒரு அம்மா கணவரின் காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூவராகவனின் மனைவி அம்சா. பூவராகவன் அப்போதுதான் இறந்திருந்தார்.

என் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "ஏம்மா, உனக்குத் தெரியுமா? ரத்தம் எடுத்துக்கினு போனாங்களே, அதுல இன்னா இருந்துச்சாம்?"

"நான் கம்ப்யூட்டர்மா" என்றேன். அது உண்மைதான். பிறகு பிரிண்டரைச் சரிசெய்தேன். அவருக்கான பில் வந்தது.

மெசேஜ் சேவையை நிறுத்தியதை நான் மறைக்கவில்லை. அன்றைக்கே சொன்னேன். குமரகுரு சார் எனக்காகப் பேசினார். "புதுப் பொண்ணு மேடம். அதுக்கு அந்த நம்பரெல்லாம் இன்னா தெரியும்? பிரிண்டர பாத்துக்கினு இருந்துது." நீங்களும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டீர்கள். அனுபவமுள்ள கிரேஸ் அக்கா வார்டுக்குப் போன் செய்து சொல்லாததுதான் தவறு என்று ஆயிற்று. தன் திரையில் அனுப்பப்பட்டது என்றுதான் காட்டியது, ஜெயப்ரியாவிடமும் கேட்டேன் என்று அவர் சொன்னார். சேவை நின்றிருந்தாலும் லேப் திரை அப்படித்தான் காட்டும். நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நான் ஞாபகம் இல்லை என்றேன்.

நான் லேப்பில் இருந்தவள் என்று அப்போது அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நீங்கள் வேறு மாதிரிக் கேட்டிருப்பீர்கள். அவர் சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் வேலை போய்விடக் கூடாது என்று நினைத்திருப்பார்.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, மேடம். வார்டில் இத்தனை பேர் இருக்கிறார்கள், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நானே வார்டுக்குப் போன் செய்திருக்கலாம். யார் பேசுவது, லேப்பா, ஐ.டி.யா என்று கேட்பார்கள். மெசேஜ் ஏன் வரவில்லை என்றும் கேட்பார்கள். பயிற்சி முடியப் பத்தொன்பது நாள்தான் பாக்கி இருந்தது. அன்று மதியம் லேபிளுக்காகத் திறந்தபோது அக்காவின் திரையில் பூவராகவனின் பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று என்று இருந்தது. அந்த அளவில் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். நான் அதைப் படித்தேன். போனில் அக்கா கேட்டார்.

"ஏழு பாயிண்ட் ஒண்ணு காட்டுதுமா. டாக்டருக்கு மெசேஜ் போயிருக்கும்ல? இல்ல, நான் வார்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வரட்டா?"

"போயிடுச்சுக்கா" என்றேன். "நீங்க லேபிள பாருங்க."